முயற்சியும் சாட்சியும்

செயல் புரிகிறவன் தான் நிற்கும் இடத்தைத் தன் செயலாலேயே அறிந்துகொள்கிறானா, அன்றி அச்செயலில் பங்கு கொள்ளாத வேறொன்று அவனுக்கு அதைக் காட்டித் தரவேண்டியிருக்கிறதா என்னும் வினா, நம் நாட்டுத் தரிசனங்களுக்குள் நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு வழக்கு. மீமாம்சகர் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். சாங்கியர் ஒன்று சொன்னார்கள். அத்வைதிகளும் சைவ சித்தாந்திகளும் தத்தமக்குரியதைச் சொன்னார்கள். எவருடைய தீர்ப்பும் மற்றவருடையதை அடியோடு தள்ளுபடி செய்துவிடவில்லை. இத்தகைய வழக்கில் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மின்சார ஸ்கூட்டர் ஒன்றின் சக்கரத்துக்குள் அடங்கிக் கிடக்கும் மோட்டாரைக் கொண்டுவந்து நிறுத்துவது சிலருக்கு விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் நியாய நூலார் குயவனையும் அவனுடைய தண்டத்தையும் சக்கரத்தையும் குடத்தையும் வைத்துக்கொண்டே காரண காரியங்களைப் பற்றிய தங்கள் விசாரணையில் பெரும்பகுதியை நடத்தினார்கள் என்பதை நினைக்கும்போது, தெருவில் கைக்கெட்டிய யந்திரத்தை எடுத்துப் பேசுவதில் அவர்களுக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

ஏலக்காய் விளைவது மேலே, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை முதலிய இடுக்கி மாவட்டத்து மலைகளில். அதைப் புடைத்துத் தரம் பிரிப்பதும் விலை பேசுவதும் பெருமளவு கீழே போடியில். ஆகவே இவ்வூரின் ஜீவனம் முழுவதும் ஏற்றத்தையும் இறக்கத்தையும் நம்பியே நடக்கிறது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த மலைச்சாலையில், விடியுமுன்னே தோட்டத் தொழிலாளரை நெருக்கி ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் முதல் கியரில் முனகிக்கொண்டு போவதை அவ்வூரார் பிறந்தது முதல் கேட்டு வளர்கிறார்கள். இறக்கத்துக்கும் ஒரு பழங்கதை உண்டு. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு ரயில் மூணாற்றுத் தேயிலையை டாப் ஸ்டேஷன் வரையில் கொண்டுவந்து சேர்க்க, அங்கிருந்து ரோப்வேயில் தொங்கியபடி கொட்டக்குடிக்கு இறங்கிய தேயிலைப் பெட்டிகள் வண்டியேறிப் போடிக்கு வந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயிலை அழித்துவிட்டது. இறங்கும் சுமையைப் பற்றிய கவலை அதைத் தடுத்து நிறுத்துவது ஒன்றுதான். வேலையைச் செய்வது பூமி. ஏறும் சுமையின் சங்கதி வேறு, நம் வினா பிறப்பதும் அங்கேதான்.

அந்த ஜீப்புகளின் டீசல் எஞ்சினால் அசையாமல் நின்றுகொண்டு விசை தர இயலாது. அது சுழன்றே ஆகவேண்டும், சக்கரம் நிற்கவேண்டுமானால் இடையிலே கிளட்ச் என்னும் ஒரு சமாதானம் தேவைப்படுகிறது. மின்சார மோட்டாருக்கோ அசைவற்று நிற்கும் நிலையிலேயே தன் முழுத் திருப்புவிசையையும் தரும் வல்லமை இருக்கிறது. இது அதன் பெருமை. அதன் சங்கடமும் இதிலேயே இருக்கிறது. வல்லமை இருக்கிறதென்பதும், அந்த வல்லமையை எந்தத் திசையில் எந்தக் கணத்தில் செலுத்தவேண்டும் என்று தெரிந்திருக்கிறதென்பதும் இரு வேறு காரியங்கள் அல்லவா?

பழைய மோட்டாரில் இந்தச் சங்கடம் எழவில்லை. அதில் சுழலும் உறுப்பின் மேலேயே செப்புப் பட்டைகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றின் மீது கார்பன் பிரஷ்கள் உராய்ந்துகொண்டிருந்தன. உறுப்பு திரும்பத் திரும்ப, எந்தக் காயிலுக்கு மின்னோட்டம் போகவேண்டுமோ அந்தக் காயிலுக்கு அது தானாகவே மாறிச் சென்றது. அங்கே அறிவும் செயலும் ஒரே உடம்பில் ஒட்டிப் பிறந்தவை. மிருகங்களுக்கு இயல்பூக்கம் அமைந்திருப்பதைப் போல் அந்த யந்திரத்துக்கும் தன் நிலையை ‘அறிதல்’ என்னும் தனிக் காரியம் வேண்டியிருக்கவில்லை. ஆனால் உராய்வு இருந்தது, தீப்பொறி இருந்தது, தேய்மானம் இருந்தது. 1962-இல் வில்சன், டிரிக்கி என்னும் இரு பொறியாளர்கள், பிரஷ்களை எடுத்துவிட்டுத் திண்மநிலைச் சாதனங்களாலேயே மின்னோட்டத்தை மாற்றிவிடும் மோட்டாரை விவரித்து எழுதினார்கள். காந்தம் சுழல, காயில்கள் அசையாதிருக்க, எப்போது எதற்கு மின்சாரம் என்று தீர்மானிக்கும் பொறுப்பு கன்ட்ரோலர் என்னும் ஒரு மூளைக்குப் போயிற்று. தேய்மானம் ஒழிந்தது, அதனோடு உடம்பிலேயே ஒட்டியிருந்த அறிவும் ஒழிந்தது. இனி அந்த அறிவை எங்கிருந்தாவது சம்பாதித்துக்கொள்ள வேண்டும்.

அதைச் சம்பாதிக்கும் வழிகளுள் சிக்கனமானது மோட்டாரின் இயக்கத்திலிருந்தே அதை வருவித்துக்கொள்வது. காந்தம் காயிலைக் கடந்து சுழலும்போது காயிலில் ஓர் எதிர் மின்னழுத்தம் பிறக்கிறது. அதன் ஏற்ற இறக்கத்தைக் கவனித்து, காந்தம் இப்போது இன்ன இடத்தில் இருக்கிறதென்று கன்ட்ரோலர் ஊகித்துக்கொள்கிறது. வேறு கருவி எதுவும் வேண்டாம். ஓடுவதாலேயே தான் இருக்கும் இடம் தனக்குத் தெரிகிறது. மீமாம்சகருள் பிரபாகரர் சொன்னது ஏறக்குறைய இதுதான். ஆன்மா தன்னைத் தனியாக ஒரு பொருளாக அறிவதில்லை. ஏதேனும் ஒன்றை அறியும் ஒவ்வொரு அறிவிலும், அறியப்படும் பொருளோடு அறிகிறவனும் உடன் விளங்குகிறான். அறியும் காரியம் நடக்காத ஆழ்ந்த உறக்கத்திலோ தன்னைப் பற்றிய விளக்கமும் இல்லை. ஓடாத மோட்டாருக்குத் தன் இடம் தெரியாது என்பதைப் பிரபாகரர் பார்த்திருந்தால் தம் கட்சிக்குக் கிடைத்த நல்ல திருஷ்டாந்தமென்று மகிழ்ந்திருப்பார்.

சமவெளியில், போடியிலிருந்து தேனிக்குப் போகும் சாலையில், இந்த ஏற்பாடு குறைவின்றி நடக்கும். மலையில்தான் அதன் உள்ளே இருக்கும் பள்ளம் தெரியவருகிறது. அதைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும், ஏனென்றால் நான் சொல்ல வந்ததன் மையம் இதுவே.

எதிர் மின்னழுத்தம் வேகத்துக்கு நேர்விகிதமானது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 48 வோல்ட் தரும் மோட்டார், 1 கிலோமீட்டர் வேகத்தில் 0.8 வோல்ட்தான் தரும். அந்தச் சிறு ஒலியும் தனியே கேட்குமானால் பாதகமில்லை; ஆனால் கொண்டை ஊசி வளைவில் இருவரைச் சுமந்துகொண்டு ஊர்ந்து ஏறும் வண்டிக்குத் திருப்புவிசை நிறைய வேண்டும், திருப்புவிசை மின்னோட்டத்துக்கு ஏற்றபடியே கிடைக்கும், ஆகவே காயிலில் 150 ஆம்பியர் பாய்கிறதென்று வைத்துக்கொள்வோம். காயிலின் மின்தடை ஓமில் நூறில் ஒரு பங்காகவே இருந்தாலும், அந்தத் தடையைக் கடப்பதற்கு மட்டும் 1.5 வோல்ட் செலவாகிறது. கன்ட்ரோலர் வெளியிலிருந்து அளக்க முடிவது இவ்விரண்டும் கலந்த மொத்தத்தைத்தான். தடையின் பங்கைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாமே என்றால், செம்பு சூடேற ஏற, ஒவ்வொரு பாகைக்கும் அதன் தடை ஏறக்குறைய 0.39 சதவிகிதம் கூடுகிறது. ஏற்றத்தில் காயில் நூறு பாகை சூடேறிவிட்டால் அந்த 1.5 வோல்ட் இரண்டு வோல்ட்டைத் தாண்டிவிடுகிறது. கழிக்கப்படும் தொகையில் உள்ள பிழை மட்டுமே 0.6 வோல்ட், கேட்கவேண்டிய ஒலியோ 0.8 வோல்ட், வேகம் இன்னும் பாதியானால் 0.4. பிழை உண்மையைவிடப் பெரிதாகிவிடுகிறது.

வெறும் நிதானத்தால் வரும் குருட்டுத்தனம் அல்ல இது. மெல்லச் சுழன்றாலும் சுமையின்றிச் சுழலும் மோட்டாருக்கு ஓரளவு தன்னைத் தெரியும். பிரயத்தனம் மிகுந்து முன்னேற்றம் குறைந்த இடத்தில்தான், அதாவது அறிவு மிகமிகத் தேவைப்படும் இடத்தில்தான், அந்தப் பிரயத்தனத்தின் ஆரவாரமே அறிவின் மெல்லிய குரலை அமுக்கிவிடுகிறது. ‘யான்’, ‘எனது’ என்னும் செருக்கோடு உயிர் செய்யும் முயற்சி அதன் அறிவை விளக்காமல் மறைக்கிறதென்று சித்தாந்த நூல்கள் சொல்லும்போது, அதை நாம் ஒழுக்க உபதேசமாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். அது ஒழுக்க உபதேசம் மட்டுமன்று, அறிவு எப்படி உண்டாகிறது, எப்படி மறைகிறது என்பதைப் பற்றிய ஒரு வாதம் என்று எனக்குப் படுவது இங்கேதான். செருக்கு தீயதாக இருப்பதால் மட்டும் மறைப்பதில்லை. அது உரத்தது, கூடவே சூடும் ஏற்றுவது.

நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது எதிர் மின்னழுத்தம் அறவே இல்லை. அப்போது தன்னை அறியாத அந்த மோட்டாரை என்ன செய்வார்கள்? கன்ட்ரோலர் முதலில் ஏதேனும் ஒரு திசையில் மின்சாரத்தைச் செலுத்திக் காந்தத்தைப் பிடித்திழுத்து ஓரிடத்தில் நிறுத்தும். பிறகு அது பின்தொடர்ந்து வருகிறதா இல்லையா என்று கேட்காமலே, முன்பே வகுத்த ஒரு கணக்கின்படி மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டிக்கொண்டு காந்தப்புலத்தைச் சுழற்றும். காந்தம் இழுபட்டுத் தொடர்ந்து வந்து ஓரளவு வேகம் கண்டபின், அதுவரை மௌனமாயிருந்த எதிர் மின்னழுத்தம் பேசத் தொடங்க, அதன் பிறகே அறிந்து நடத்தும் நிலை வாய்க்கும். கேவலாவத்தையில் ஆணவ இருளில் இச்சையும் ஞானமும் கிரியையும் முடங்கிக் கிடக்கும் உயிருக்கு உடம்பையும் கரணங்களையும் உலகையும் போகங்களையும் கூட்டி, அதற்குத் தெரியாமலே அதைத் தொழிற்படுத்தி, வினைகளின் வழியே நடத்திக்கொண்டு போகும் சக்தியைத் திரோதானம் என்று சித்தாந்திகள் அழைத்தார்கள். மறைந்து நின்று நடத்தும் அருள் அது. மலங்களோடு நின்று அவற்றைத் தொழில் செய்விப்பதால் அதையும் மலமென்றே எண்ணினார்கள் என்பது அவர்களுடைய நேர்மைக்குச் சான்று: குருடனை இழுத்துப் போகும் கருணை இழுபடுகிறவனுக்குக் கருணையாகத் தோன்றாது. சுமை குறைந்த காற்றாடிக்கும் பம்புக்கும் இந்தக் குருட்டுப் புறப்பாடு போதும். போடிமெட்டுச் சாலையில், பின்னோக்கிச் சரியக் காத்திருக்கும் வண்டிக்கு இது போதாது. ஒரு முறை காந்தம் பின்தங்கிவிட்டால், புலம் முன்னே சுற்ற, சக்கரம் நின்ற இடத்திலேயே உதறிக்கொண்டு நடுங்கும்.

ஆகவே சாட்சி ஒருவன் வேண்டியிருக்கிறது. எட்வின் ஹால் என்னும் அமெரிக்க மாணவர் 1879-இல், மின்சாரம் பாயும் மெல்லிய தங்கத் தகட்டைக் காந்தப்புலத்தில் வைத்தபோது, மின்னோட்டத்துக்குக் குறுக்கே ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார். அதே 1879-ஆம் ஆண்டின் இறுதியில்தான் மதுரைக்குத் தெற்கே திருச்சுழியில் ரமண மகரிஷி பிறந்தார். இதில் உட்பொருள் எதுவும் தேடவேண்டியதில்லை, ஆனால் இரண்டு பெயரையும் இக்கட்டுரையில் சொல்லவேண்டியிருப்பதால் குறித்துவைத்தேன். ஹால் கண்ட விளைவின் சிறப்பு அது வேகத்தைப் பொறுத்ததன்று என்பது. காந்தம் அசைந்தாலும் அசையாவிட்டாலும், அது எதிரே இருக்கிறதென்றால் இருக்கிறதென்று ஹால் சென்சார் சொல்லிவிடும். மோட்டாரின் 150 ஆம்பியரில் ஓர் அணுவும் அதன் வழியாகப் பாய்வதில்லை. அது இழுப்பதில்லை, தள்ளுவதில்லை, சுமையில் பங்கு கொள்வதில்லை. அதனாலேயே அதன் சொல் சுமையால் திரிவதில்லை.

மூன்று சென்சார்களை வைத்தால், ஒரு சோடித் துருவம் கடந்து போகும் ஒரு மின்னியல் சுழற்சிக்கு ஆறு நிலைகள் தெரியும். அறுபது பாகைக்கு ஒரு முறை செய்தி. அந்த ஆறு செய்திகளையே பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தை ஆறு தாவல்களாக மாற்றிக்கொடுத்தால் வண்டி நகரும், ஆனால் ஒவ்வொரு தாவலிலும் திருப்புவிசை சற்றே விழுந்து எழும். இருபது சோடித் துருவங்கள் உள்ள சக்கர மோட்டாரில் ஒரு சுற்றுக்கு நூற்றிருபது உதறல்கள். வேகமாகப் போகும்போது வண்டியின் ஜடத்துவம் அவற்றையெல்லாம் விழுங்கிவிடுவதால் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. மெதுவாக ஊர்ந்தாலோ ஒவ்வொன்றும் கைப்பிடியில் வந்து தட்டும். விரைந்து வாழ்கிறவர்களுடைய குணக்கேடுகள் பல காலம் வெளித்தெரியாமலிருப்பதற்கும், அவர்கள் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்த மாதத்திலேயே குடும்பத்தார் அவற்றையெல்லாம் கண்டுகொள்வதற்கும் காரணம் இதுவோ என்னவோ.

அந்த உதறல் தீர, தாவித் தாவி மாறாமல் அலைபோல் ஏறி இறங்கும் மின்னோட்டம் வேண்டும். அதை எப்பொழுதும் காந்தத்துக்குச் செங்குத்தான திசையிலேயே நிறுத்தவேண்டும். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் ஹாஸே, பிளாஷ்கே என்பவர்கள் வகுத்த இந்த முறையில், கன்ட்ரோலர் வெளியே நின்று மூன்று காயில்களையும் பார்ப்பதை விட்டு, சுழலும் காந்தத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு அங்கிருந்து உலகைப் பார்ப்பதைப் போலக் கணக்கிடுகிறது. அப்படிப் பார்க்கும்போது அலைகள் அலைகளாகத் தோன்றுவதில்லை. இரண்டு நிலையான எண்களாக அடங்கிவிடுகின்றன. ஆனால் ஏறி உட்காரவேண்டிய இடம் துல்லியமாகத் தெரிந்தால்தானே உட்காரலாம்! ஆறு செய்திகள் போதாமல், சுற்று ஒன்றைப் பல்லாயிரம் பிரிவுகளாகப் பிரித்துச் சொல்லும் நுண்ணிய சென்சார்கள் வந்தன. எவ்வளவு மெதுவாகவும் மென்மையாகவும் போக விரும்புகிறோமோ, அவ்வளவு நுண்ணிய சாட்சி தேவைப்படுகிறது.

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழாவில் தேர் நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. வடம் பிடித்து இழுக்கும் நூற்றுக்கணக்கானவர்களிடம் வலிமை இருக்கிறது. ஆனால் அவர்கள் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்னே நிற்கிறார்கள், தங்கள் கூச்சலில் தாங்களே மூழ்கியிருக்கிறார்கள், சக்கரம் எங்கே இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது. சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு குனிந்து நடப்பவர் வடத்தைத் தொடுவதில்லை. எந்தச் சாண் நிலத்தில் சக்கரம் ஏறப்போகிறது, எப்போது திருப்பவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அவர் ஒருவர் இழுப்பவர்களோடு சேர்ந்து வடத்தைப் பிடித்தால் வலிமை ஆயிரத்தில் ஒரு பங்கு கூடும், தேர் தெருமுனையில் வீட்டுத் திண்ணைமேல் ஏறும்.

இவ்வளவில் சாங்கியர் எழுந்து, நாங்கள் சொன்னதும் இதுதானே என்பார்கள். பிரகிருதி செயல்படுகிறது, அதற்கு அறிவில்லை. புருஷன் பார்க்கிறான், அவனுக்குச் செயலில்லை. குருடன் தோளில் முடவன் ஏறிப் போகும் உவமையை அவர்களே சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆயினும் ஹால் சென்சாரைச் சாங்கியருடைய புருஷனாக ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. பார்த்துக்கொண்டு வெறுமனே இருக்கும் சாட்சியால் வண்டி ஏறாது. பார்த்ததைக் காட்டவேண்டும், இடைவிடாமல் காட்டிக்கொண்டே இருக்கவேண்டும். சித்தாந்திகள் இறைவன் உயிருக்குச் செய்வதாகக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இரண்டைப் பிரித்துச் சொன்னது சாங்கியருடைய சாட்சியில் இல்லாத ஒன்றைச் சேர்த்தது. அறிவித்தால் அறியும் இயல்புடையது உயிர். அறிவிக்காவிட்டால் அறியாது, ஆனால் கல்லைப் போல அறிவிக்கப்பட்டும் அறியாததாகவும் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரம் வேடரிடையே வளர்ந்த அரசகுமாரனுடைய நிலையைக் கொண்டு இதை விளக்குகிறது. ஐம்புலன்களாகிய வேடரோடு காடெல்லாம் திரிந்து எவ்வளவுதான் திறமையாக வேட்டையாடினாலும், தான் அரசன் மகன் என்பது வேட்டையிலிருந்து அவனுக்குத் தெரியவராது. வேட்டையில் பங்கு கொள்ளாத ஒருவர் குருவாக வந்து சொல்லவேண்டியிருக்கிறது.

அத்வைதி இங்கே சும்மா இருக்கமாட்டார். சென்சாரும் ஜடம்தானே, அதன் சொல் சரியென்று சொல்ல வேறொரு சென்சார், அதற்கு மற்றொன்று என்று அநவஸ்தை வந்து சேராதா என்று கேட்பார். ஆன்மா சுயம்பிரகாசம், அது அசைவதாலும் விளங்குவதில்லை, பிறர் காட்டுவதாலும் விளங்குவதில்லை, ஆழ்ந்த உறக்கத்தில் ஒன்றையும் அறியாதிருந்தும், சுகமாக உறங்கினேன் என்று விழித்தபின் நினைவுகூர முடிகிறதே, அந்தச் சுகத்துக்குச் சாட்சியாயிருந்தது யார்? இதற்கு ஏட்டுப் பிரமாணத்தைவிட வலிய பிரமாணமும் அவர் கையில் இருக்கிறது. 1896-ஆம் ஆண்டு நடுவில், போடியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் மதுரையில், தன் சிறிய தகப்பனார் வீட்டு மாடியில், பின்னாளில் ரமண மகரிஷியான பதினாறு வயதுப் பையன் ஒருவன் திடீரென வந்த மரண பயத்தை எதிர்கொள்ள, பிணத்தைப் போல் கைகால்களை நீட்டிப் படுத்து மூச்சையும் அடக்கிக்கொண்டு, இப்போது இறந்தது எது, இருப்பது எது என்று நோக்கினான். உடம்பு அசைவற்றுக் கிடக்கும்போதும் ‘நான்’ என்பது தெளிவாக விளங்கியதைக் கண்டான். குருவாக வந்து சொன்னவர் எவரும் அந்த அறையில் இல்லை. பிரபாகரருக்கு இதைவிடச் சங்கடமான சாட்சியம் கிடையாது. சித்தாந்தியும், அருள் உள்ளே நின்று காட்டியது என்றுதான் சமாதானம் சொல்லவேண்டியிருக்கும்.

மோட்டார் சாஸ்திரத்திலும் இதற்கு நெருங்கிய ஒரு வழி உண்டு. காந்தங்களை இரும்பின் மேற்பரப்பில் ஒட்டாமல் உள்ளே புதைத்துச் செய்த மோட்டாரில், மின்னோட்டத்தின் மாற்றத்தைக் காயில் எதிர்க்கும் தன்மை திசைக்குத் திசை சற்றே வேறுபடும். வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே, சக்கரத்தை அசைக்காத அளவுக்கு மிகச் சிறியதும் மிக வேகமாக அதிர்வதுமான ஒரு மின்னழுத்தத்தைச் செலுத்தி, எத்திசையில் மறுமொழி எப்படி வருகிறதென்று கேட்டால், ஹால் சென்சார் இல்லாமலே காந்தம் கிடக்கும் அச்சு தெரிந்துவிடும். செயலும் இல்லை, வெறும் சும்மாவும் இல்லை. அசைவின்மைக்குள் எழுப்பப்பட்ட ஒரு நுண்ணிய கேள்வி. 1902-ஐ ஒட்டித் திருவண்ணாமலையில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு மகரிஷி எழுதிக்காட்டிய விடைகளில் கற்பித்த ‘நான் யார்’ என்னும் விசாரணையை இதனோடு சேர்த்து நினைக்காமலிருக்க முடியவில்லை. ஆனால் இந்த முறைக்கு ஒரு வேடிக்கையான குறை இருக்கிறது: அது அச்சைச் சொல்லும், அந்த அச்சில் வடதுருவம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்லாது, அதைத் தெரிந்துகொள்ள, இரும்பு செறிவுறும் அளவுக்குச் சற்று வலுவான துடிப்புகளை இரு பக்கமும் கொடுத்து வேறாகச் சோதிக்கவேண்டும். சோதிக்காமல் புறப்பட்டால் பாதிக்குப் பாதி, வண்டி பின்னோக்கித் துள்ளும். விசாரணை செய்து ‘நான்’ என்பதைக் கண்டுவிட்டதாகச் சொல்லுகிறவர்களுள் அகங்காரத்தையே ஆன்மாவாகக் கண்டு எழுந்து வந்தவர்கள் எத்தனை பேர்! அச்சு சரியாகத்தான் இருக்கும், துருவம் மாறியிருக்கும். மேலும், காந்தங்களை மேற்பரப்பில் ஒட்டிய மோட்டாரில், சாதாரணச் சக்கர மோட்டார்களில் பெரும்பாலானவை இவ்வகை, எல்லாத் திசையும் ஏறக்குறைய ஒன்றாகவே மறுமொழி தருவதால் இந்தக் கேள்விக்கு விடையே எழுவதில்லை. எல்லோருக்கும் எல்லா மார்க்கமும் இல்லை என்று பெரியவர்கள் அதிகாரி பேதம் பேசியதைக் குறுகிய மனப்பான்மை என்று மட்டும் தள்ளிவிடுவதற்கில்லை.

அசைவின்மையிலும் இரண்டு வகை உண்டு. வளைவில் முன்னே ஒரு லாரி திரும்பக் காத்திருக்கும்போது, சிலர் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டரைச் சிறிது முறுக்கியே வண்டியைச் சரிவில் நிறுத்திவைக்கிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு வண்டி சாந்தமாக நிற்கிறது. உள்ளேயோ, எஞ்சிய பயன் ஒன்றுமின்றிச் செலுத்திய சக்தியெல்லாம் சூடாகிக்கொண்டிருக்கிறது. சுழலும்போது மூன்று காயில்களும் முறை வைத்துச் சுமக்கும் பாரத்தை நின்ற நிலையில் ஒன்றோ இரண்டோ தனித்துச் சுமக்க, கன்ட்ரோலருக்குள் அவற்றுக்கு மின்சாரம் விடும் சுவிட்சுகளே முதலில் வெந்துபோகின்றன. சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், சரிவு இருமடங்கானால் சூடு நான்மடங்கு. தாயுமானவரும் அருணகிரியாரும் ‘சும்மா இரு’ என்பதை மகா மந்திரமாகப் போற்றினார்கள்; தன் பலத்தால் தன்னை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருக்கும் இருப்பை அவர்கள் சொல்லவில்லை என்பதற்கு அந்த ஸ்கூட்டரின் வெந்த நாற்றம் போதிய விளக்கம்.

இனி அநவஸ்தை என்று அத்வைதி எழுப்பிய ஆட்சேபத்துக்கு, பட்டறையில் நடக்கும் ஒரு காரியம் பாதி விடை தருகிறது. சென்சார் சொல்லும் கோணமும் காந்தத்தின் உண்மையான கோணமும் இயற்கையாகவே ஒன்றாயிருப்பதில்லை. பொருத்தியவருடைய கை எங்கே வைத்ததோ அவ்வளவு வேறுபாடு இருக்கும். கோணம் 60 பாகை பிசகினால் அதே மின்னோட்டத்துக்குப் பாதித் திருப்புவிசைதான் கிடைக்கும். சமவெளியில் அது தெரியாமலே போகலாம், மலையில் வண்டி ஏறாது, சூடு மட்டும் ஏறும். ஆகையால் சென்சாரையோ கன்ட்ரோலரையோ மாற்றிய மெக்கானிக், வண்டிக்குச் சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு, காயிலில் ஒரு திசையில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்துகிறார். எந்தச் சுமையும் இழுக்காததால் காந்தம் தானே திரும்பி அத்திசையோடு ஒன்றிப் போய் நிற்கும். அப்போது சென்சார் சொல்லும் எண்ணே தொடக்கமென்று பதிந்துகொள்ளப்படும். சாட்சியைச் சரிபார்க்க இன்னொரு சாட்சி வேண்டியிருக்கவில்லை. சுமையற்ற ஒரு கணம்தான் வேண்டியிருந்தது. அருட்சக்தி உயிரில் பதியும் சத்திநிபாதத்துக்கு முன்னே இருவினையொப்பை வைத்த சித்தாந்த ஆசாரியர்கள், நல்வினையும் தீவினையும் எப்பக்கமும் இழுக்காமல் ஒத்து நிற்கும் நிலை வருமுன் குருவின் சொல் பதியாது என்று கருதியதற்கு இதுபோன்ற ஒரு காரணம் இருந்திருக்கலாம். போடி மெக்கானிக்குகளைப் பொறுத்தவரை இதில் விவாதத்துக்கு இடமில்லை: ஸ்டாண்டு போடச் சோம்பி, சக்கரம் தரையில் பதிந்திருக்கும்போதே இந்தப் பதிவைச் செய்துவிட்டால், வண்டி கடைத்தெருவில் ஒழுங்காக ஓடி, மலைச்சாலையின் முதல் வளைவில் திரும்பி வந்துவிடும், மறுபடியும் சக்கரத்தைத் தூக்கித்தான் ஆகவேண்டும்.